தரைக்குக் கீழே அறுபத்தொரு சென்டிமீட்டர்

மாஸ்கோ,
14 செப்டம்பர் 1966

அன்புள்ள தீகோன் மாமாவுக்கு,

க்ளெப் எழுதுவது. நான் நலம். நீங்களும் ரயீசா அத்தையும் நலமா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தை கொடுத்தனுப்பிய உப்புக் காளான் ஜாடியை விடுதி அறையில் நாலு பேர் ஒரே சாயங்காலத்தில் காலி செய்துவிட்டோம். ஒரு வருஷமாக உங்களுக்குக் கடிதமே போடவில்லை என்று அம்மா திட்டினாள். சரிதான். இப்போதும் காரியம் இருப்பதால்தான் எழுதுகிறேன், மறைப்பானேன்.

வெற்றி வளைவைத் திரும்ப எழுப்பும் வேலையில் என்னைப் போட்டிருக்கிறார்கள். நெப்போலியனைத் துரத்தியதற்காகக் கட்டினார்களே, அதே வளைவு. பாரிஸிலிருந்து திரும்பிய படையை வரவேற்க முதலில் மரத்தில் கட்டினார்கள், உளுத்துப்போயிற்று. பிறகு கல்லிலும் இரும்பிலும் எழுப்பியது நூறு வருஷம் நின்றது. முப்பத்தாறில் சதுக்கத்தை அகலப்படுத்துகிறோம், வேறு இடத்தில் நிறுத்துவோம் என்று சொல்லிப் பிரித்தார்கள். அந்த வேறு இடம் கிடைக்க முப்பது வருஷம் பிடித்திருக்கிறது. பன்னிரண்டு வார்ப்பிரும்புத் தூண்களில் மிச்சம் ஒன்றே ஒன்று. மற்றவை போரின்போது உருகிக் குண்டாகப் போய்விட்டன என்கிறார்கள்.

என் தொல்லை காகிதத்தில். பிரிக்கும் முன் அளந்து வரைந்த முப்பத்தொரு தாள்கள் கிடைத்தன. அருமையான கை. ஆனால் ஒவ்வொரு தாளிலும் கீழ் வலது மூலை, உள்ளங்கை அகலத்துக்கு, இல்லை. பெயர்க் கட்டம் இருக்கும் மூலை. யார் அளந்தது, என்றைக்கு, உயரத்தை எங்கிருந்து எண்ணியது எல்லாம் அங்கேதான் எழுதுவார்கள். ஏழாவது தாளில் மட்டும் வெட்டு விளிம்பில் ஒரு சொல் தப்பியிருக்கிறது: "கீழே". பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. எதற்குக் கீழே? எவ்வளவு? அது தெரியாமல் பீடக்கல்லின் உயரத்தை முடிவு செய்ய முடியாது. பீடம் தப்பினால் மேலே எல்லாம் தப்பு.

அந்த வருஷம் நீங்கள் அளவெடுப்புக் குழுவில் இருந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். அளந்தது யார்? அந்தக் குறிப்பு என்ன? சீக்கிரம் எழுதுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.
உங்கள் மருமகன்,
க்ளெப்

•

பெர்ம்,
2 அக்டோபர் 1966

அன்பு மருமகன் க்ளெப்புக்கு,

மாமா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் பரவாயில்லை, மழை வருவதை வானொலிக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. உருளைக்கிழங்கு எடுத்து முடித்தோம், போன வருஷத்தைவிட ஒரு மூட்டை குறைவு. முட்டைக்கோஸ் நறுக்கி உப்பில் போட அத்தை ஆள் தேடுகிறாள். என் கை தடிமனாக நறுக்குகிறதாம். ஓய்வு பெற்றபின்னும் தொழிற்சாலைக்காரர்கள் என் படத்தை வாசல் கௌரவப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. காமா நதியில் காலையில் பனிமூட்டம்.

நீ கேட்ட விஷயம். நான் அங்கே சில வாரம் அளவு நாடா பிடித்தவன். பிடி என்ற இடத்தில் பிடித்தேன். முப்பது வருஷம் ஓடிவிட்டது, நடுவில் ஒரு போர் வேறு. ஒன்றும் நினைவில் இல்லை. காகிதம் பழசானால் மூலை போவது சகஜம்தான்.

காதை மூடும் தொப்பி இருக்கிறதா? இல்லையென்றால் எழுது, அனுப்புகிறோம்.

நலம் விரும்பும்,
மாமா

•

மாஸ்கோ,
20 அக்டோபர் 1966

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தொப்பி இருக்கிறது.

காகிதம் பழசானால் மூலை போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா, முப்பத்தொரு மூலைகளும் ஒரே அளவில் போகுமா? பழசானது கிழியும், சுருளும். இது சவரக் கத்தியால் நேராக இறங்கிய வெட்டு. எந்த மடையன் செய்தான் என்று தெரிந்தால் அவனை அந்த ஒற்றைத் தூணிலேயே கட்டிவைப்பேன்.

வளைவின் மிச்சங்கள் ஒரு பழைய மடாலயத்துக் கிடங்கில் இருக்கின்றன. கிடங்குப் பொறுப்பாளர் ஒரு பெண்மணி, அக்லாயா வெல்ஸ்கயா என்று பெயர். முப்பத்தெட்டு வயதிருக்கும். விரலில்லாத கையுறை போட்டுக்கொண்டு, என்னை ஒரு தொந்தரவாகவே பார்க்கிறார்.

"முப்பத்தொண்ணையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டேன் தம்பி. நீங்க புதுசா என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க?" என்றார்.

"எந்த முட்டாள் வெட்டினான்னு கண்டுபிடிப்பேன்" என்றேன்.

"முட்டாள்னு யார் சொன்னா? அளவுகோல் வெச்சு வெட்டியிருக்கான். கை நடுங்கல பாருங்க. படம் வரையறவன் கை."

அது எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்களுடன் வேலை செய்தவர்களில் ஒருவர் பெயராவது நினைவிருந்தால் எழுதுங்கள். உயிரோடிருந்தால் நேரில் போய் உலுக்குகிறேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.
க்ளெப்

•

மாஸ்கோ,
5 டிசம்பர் 1966

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? என் கடிதம் சேர்ந்ததா?

நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தாள்களில் எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. பூஜ்யம் என்றால் பீடத்தின் அடி. வேறென்ன இருக்க முடியும்? "கீழே" என்றது அடித்தளக் குழியைப் பற்றி இருக்கலாம். அதை நாங்கள் எப்படியும் கான்கிரீட்டில் போடுகிறோம். இப்படித்தான் தலைமைப் பொறியாளரிடம் சொல்லப்போகிறேன்.

ஒரு வரி எழுதிப்போட என்ன கஷ்டம் மாமா?

க்ளெப்

•

பெர்ம்,
28 டிசம்பர் 1966

கண்ணு க்ளெப்புக்கு,

அத்தை எழுதுவது. புது வருஷ வாழ்த்துகள். நல்லபடியாக இரு, இருமல் வந்தால் பாலில் தேன் போட்டுக் குடி.

மாமாவுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் மனுஷன் சரியாகவும் இல்லை. ஆறு உறைந்த நாளிலிருந்து பனியில் துளை போடுகிற கருவியைத் தூக்கிக்கொண்டு காலையில் போய்விடுகிறார். தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார். "மீன் எங்கேங்க?" என்று கேட்டால், "மீனுக்கும் குளிரும்ல" என்கிறார். "அப்ப ஓட்டையப் பாத்துக்கிட்டா உக்காந்திருந்தீங்க?" என்றால் கருவியைத் துடைக்கப் போய்விடுகிறார். உன் கடைசி இரண்டு கடிதங்களும் மேல்கோட்டுப் பையில்தான் இருக்கின்றன. கோட்டைத் தூசி தட்ட எடுத்தால் சத்தம் போடுகிறார். நீ ஏதாவது கோபமாக எழுதினாயா? பெரியவர், பொறுத்துப் போ.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ரயீசா அத்தை

•

மாஸ்கோ,
17 ஜனவரி 1967

அன்புள்ள மாமா, அத்தைக்கு,

காலுறைக்கு நன்றி. நலமாக இருக்கிறேன். கோபமாக ஒன்றும் எழுதவில்லை, நான் எழுதினாலே அப்படித்தான் இருக்கும்.

தலைமைப் பொறியாளர் என் கணக்கை ஏற்றுக்கொண்டார். பிப்ரவரி பத்தாம் தேதி பீடக்கற்களை அறுக்கத் தொடங்குகிறோம். அறுத்தபின் திருத்த முடியாது. கற்கொத்தர்களின் தலைவர் மித்ரோஃபன் மாதிரி வடிவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்ஜினியர் தம்பி, இது ஜெயிச்சவன் வாசல்தானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"மண்டி போட்டு மன்னிப்புக் கேக்குற மாதிரி நிக்குதே. கால் எங்க போச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவரைத் திட்டிவிட்டேன். ஆனால் மாமா, உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. பழைய அச்சுப்படத்தில் அது நிமிர்ந்து நிற்கிறது. என் மாதிரியில் குந்தியிருக்கிறது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் கையெழுத்தைப் போட்டாயிற்று. இது இன்னும் இருநூறு வருஷம் நிற்கும்.

க்ளெப்

•

பெர்ம்,
26 ஜனவரி 1967

க்ளெப்,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பூஜ்யம் அடி அல்ல. முப்பத்தாறில் இருந்த சாலைமட்டம்தான் பூஜ்யம். நூறு வருஷத்தில் தரைமேல் தரை போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. பீடத்தின் கால் மண்ணுக்குள் போய்விட்டது. தெற்கு வரிசையில் இரண்டாவது பீடத்தின் பக்கம் குழி தோண்டிப் பார்த்தது. சாலைக்குக் கீழே அறுபத்தொரு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது, இறங்காது.

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். எப்படித் தெரியும் என்று கேட்காதே. என் பெயரையும் சொல்லாதே.

மாமா

•

மாஸ்கோ,
20 பிப்ரவரி 1967

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பற்றி இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

கடிதம் ஒன்றாம் தேதி கிடைத்தது. உடனே மடாலயத்துக்கு ஓடினேன். கிடங்கின் பின்னால் பழைய பீடக்கல் ஒன்று உடைந்து கிடக்கிறது. பளு அதிகம் என்று யாரும் புரட்டிப் பார்த்ததில்லை, நானும்தான். பாரந்தூக்கியை வரவழைத்துப் புரட்டினோம். மேல்பக்கம் நூறு வருஷப் புகையில் கறுத்திருக்கிறது. ஒரு கோட்டுக்குக் கீழே கல் மஞ்சளாக, மண் கறையோடு. மித்ரோஃபன் அளவுகோலை வைத்தார். அறுபத்தொன்று. "பாத்தியா, கால் கிடைச்சிருச்சு!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கணக்கைத் திருத்தி எழுதிவிட்டேன். எல்லாரும் என்னைப் புத்திசாலி என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

எண் எங்கிருந்து வந்தது என்று அக்லாயா கேட்டார். ஒரு பழைய ஆள் சொன்னார் என்றேன். குழி தோண்டிப் பார்த்தார்களாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"குழியா? எங்கப்பா ஒரு வாரம் கால்சட்டை பூரா சேறா வந்தார். 'ரோட்டு மேல வேலை பாக்குறவருக்குச் சேறு எங்கேர்ந்து?'ன்னு அம்மா சண்டை போட்டாங்க."

மாமா, அளந்தது அவர் அப்பா. இன்னகெந்தி வெல்ஸ்கி. முப்பத்தேழு நவம்பரில் மக்களின் எதிரி என்று கைது செய்து கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஐம்பத்தாறில் குற்றமற்றவர் என்று ஒரு காகிதம் வந்தது. அவர் என்ன வேலை செய்தார் என்பதற்குத்தான் ஒரு காகிதமும் இல்லை. இந்த அம்மாள் கிடங்கு வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். பதினோரு வருஷமாக அப்பா பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். வளைவு பற்றி ஒரு கையேடு அச்சுக்குப் போகிறது. அதில் "அளவெடுத்தவர்: தெரியவில்லை" என்று இருக்கிறது. கூட வேலை செய்த ஒருவர் கையெழுத்திட்டுச் சாட்சி சொன்னால் பெயரைப் போடலாம் என்கிறார்கள்.

குழிக்குள் அளவுகோலைப் பிடித்தவர் யார்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

க்ளெப்

•

பெர்ம்,
11 மார்ச் 1967

அன்பு க்ளெப்புக்கு,

உன் அத்தை நலம். அவளுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

குழியில் நான்தான் நின்றேன். மேலே வெல்ஸ்கி மண்டியிட்டு எண்ணைப் படித்தார். மூன்று முறை எடுக்க வைத்தார். "தீகோன், நாம பிரிக்கிறோம், சரி. ஒருநாள் எவனாவது திரும்பக் கட்டுவான். அவன் நம்மளத் திட்டக் கூடாது" என்றார். நீ திட்டினாய். அவரை அல்ல, என்னை. சரியான ஆளைத்தான் திட்டினாய்.

அடுத்த வருஷம் நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. என்ன நடந்தது என்று மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய்த் தாள்கள் இருந்த பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பெயர்கள். அளந்தவர் வெல்ஸ்கி. உடன் அளந்தவர் நான். என் பெயர் அவர் பெயருக்கு நேர் கீழே. அரைமணி நேரத்தில் வெட்டி முடித்தேன், அடுப்பில் போட்டேன். அளவுக் குறிப்பும் அந்த மூலையில்தான் இருக்கிறது என்று வெட்டும்போதே தெரியும். பெயரை மட்டும் சுரண்டி எடுக்கலாம், நேரம் பிடிக்கும். எனக்கு அவசரம்.

தாள்களை எரிக்கச் சொன்னார்கள், மூலையை வெட்டி மீதியைக் காப்பாற்றினேன் என்று முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். யாரும் எரிக்கச் சொல்லவில்லை. யாரும் வெட்டச் சொல்லவுமில்லை. யாரும் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அடுத்த மாதம் நானே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

சாட்சிக் காகிதத்தை எழுதி, வட்டார அலுவலகத்தில் முத்திரை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். முழுப்பெயரும் விலாசமும் இருக்கின்றன. அந்த அம்மாளிடம் கொடு. நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான், இதற்குமேல் ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமா

•

மாஸ்கோ,
2 செப்டம்பர் 1967

மாமாவுக்கு,

ஆறு மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் வசையாக எழுதியிருப்பேன். அம்மா இரண்டு முறை கேட்டாள், வேலை என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அத்தையும் நலம் என்று அவள் மூலம் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதத்தை மார்ச்சிலேயே அக்லாயாவிடம் கொடுத்தேன். என் முன்னால் நின்றபடியே படித்தார். சாட்சிக் காகிதத்துக்கு வரிசை எண் போட்டார், கோப்பில் வைத்தார். "தேநீர் போடட்டுமா?" என்றார். அவ்வளவுதான். அதன்பின் ஆறு மாதம் கல், தூண், பூட்டு, சாவி தவிர எங்களுக்குள் பேச்சில்லை. கையேடு ஜூலையில் வந்தது. நாலாம் பக்கத்தில் "அளவெடுத்தவர்: இ. வெல்ஸ்கி" என்று இருக்கிறது. கீழே உடன் அளந்தவர் என்று உங்கள் பெயரும் இருக்கிறது. அவர்தான் போடச் சொன்னாராம். நான் வேண்டாம் என்றேன். "உண்மை அதுதானே, தம்பி?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது?

பீடங்கள் நின்றுவிட்டன. தூண்களை வார்க்கிறார்கள். நிமிர்ந்துதான் நிற்கிறது.

நேற்று அவராகவே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

"உங்க மாமாகிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவைக் கூட்டிட்டுப் போன அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போனாங்க. பச்சைக் கதவு. அப்பா இந்த வேலை பாத்தார்னு கூட வேலை பாத்தவர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கணும்னு. மூணு தடவை தட்டினாங்க. திறக்கல. உள்ள ரேடியோ ஓடுச்சு, புள்ளைங்க கதை. எனக்குக் கேட்டுச்சு. வீட்டுல ஆளே இல்ல, ரேடியோவ நிறுத்த மறந்துட்டுப் போயிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க. சாகுறவரைக்கும் அதையேதான் சொன்னாங்க. நான் நம்பினதில்ல. ஒருநாள் அவங்ககிட்ட 'நீங்க கோழை'ன்னுகூடச் சொல்லிட்டேன், இன்னும் கொஞ்சம் தட்டியிருக்கலாம்னு. அம்மா அன்னைக்குக் கதவுக்கிட்ட நின்னு கூப்பிட்ட பேர் எனக்கு ஞாபகம் இருக்கு, சாட்சிக் காகிதத்துல அதே பேரைப் பாத்ததும் அந்தப் பச்சைக் கதவு உங்க மாமாவோடதுதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். உள்ள அவர் இருந்தாரா?"

உங்கள் கடிதத்தில் இது இல்லை. இதற்குமேல் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவருக்கே எழுதுங்கள்.

க்ளெப்

•

பெர்ம்,
15 செப்டம்பர் 1967

மதிப்பிற்குரிய அக்லாயா இன்னகெந்தியெவ்னா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை; ஆனாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இருந்தேன்.

மனைவி அந்த வாரம் ஊரில் இல்லை. நான் மட்டும்தான். முதல் தட்டுக்கு எழுந்து கதவருகே வந்துவிட்டேன். உங்கள் அம்மாவின் குரல் கேட்டதும் நின்றுவிட்டேன். கதவுக்கும் எனக்கும் ஒரு கை தூரம். சுவரிலிருந்த ரேடியோவை நிறுத்தினால் ஆள் இருப்பது தெரிந்துவிடும், ஓடவிட்டாலும் தெரியும். எதைச் செய்வது என்று புரியாமல் அப்படியே நின்றேன். நரியும் சேவலும் என்று ஏதோ கதை. கதை முடிகிறவரை வரமாட்டேன் என்று நீங்கள் அடம்பிடித்தீர்கள். "அவங்க வீட்டுல இல்லடா கண்ணு, நிறுத்த மறந்துட்டாங்க" என்று அம்மா சொன்னார். கதை முடிகிறவரை உங்களோடு வெளியே பனியில் நின்றார். மறுபடி தட்டவில்லை.

அவர் கோழை இல்லை. அவருக்குத் தெரியும். அன்று காலை நான் கடைக்குப் போய்வந்தவன். ஈரமான என் ரப்பர்க் காலணி வாசலிலேயே கிடந்தது. நீங்கள் போன பிறகு வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். காலணி வைத்த இடத்தில் இல்லை. உங்கள் கண்ணில் படக் கூடாதென்று விறகடுக்குக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நீங்கள் கேட்டது சரிதான். உள்ளே ஆள் இருந்தது.

இப்படிக்கு,
தீகோன் யெர்மலாயெவிச் சூக்கவ்